டெய்சிப் பூவுக்கு ஒரு கரிப்பொட்டு

சந்தேக மாமாவைப்போல் சந்தேகப்பட்டவர் மலாயாவின் பேராக் மாநிலம் முழுவதும் தேடினாலும் கிடைக்கமாட்டார். கண்ணாடியில் முகம் பார்த்தாலும், "யாருய்யா நீ?" என்று கேட்டுவிட்டுத்தான் தலை சீவுவார்.

பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவின் பூச்செடிகள் அவர் பொறுப்பு. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டி வெட்டி முட்டி தேய்ந்துபோனபின் கெஞ்சி வாங்கிய வேலை. பூ கெட்டால் மறுபடி மரம் வெட்டத்தான் போகவேண்டும்.

ஒருமுறை துரைசானி சீமையிலிருந்து ஷாஸ்தா டெய்சி விதை வரவழைத்தார். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். பழைய டெய்சி இடுப்புவரை வளரும். இதுவோ சாண் உயரத்தில் நின்று, பக்கவாட்டில் புதராகப் பருத்தது.

"யாரோ கண்ணு வச்சிட்டாங்க லா" என்றார் மாமா.

விசாரணை தொடங்கியது. "ஆபீசுல கணக்கெழுதுற கிராணி ஏன் வேலியோரம் வந்து தும்முனாரு? அந்த வெள்ளாடு பாத்த பார்வையும் சரியில்ல."

பள்ளிக்கூடம் போகிற நானும் தப்பவில்லை. "படிச்ச புள்ள கண்ணு பொல்லாதது. செடியப் பாக்காம அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே போ தாயி."

அப்படியே போய்க் கால்வாயில் விழுந்தேன். ஓடிவந்து தூக்கியவர், "விழுந்த சாக்குல செடியப் பாத்தியா?" என்றார்.

பூத்ததும் ஒவ்வொரு பூவுக்கும், பச்சைப்பிள்ளைக்கு வைப்பதுபோல், கரிப்பொட்டு வைத்தார். மறுநாள் காலை துரைசானி கரும்புள்ளிகளைப் பார்த்து, நோய் என்று பயந்து, எல்லாவற்றையும் பிடுங்கிக் கொளுத்தச் சொல்லிவிட்டார்.

துரைசானியிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல என்னைத் தேடி, மாமா எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடிவந்தார். கிராணிக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் அவர்தான் தும்மியவராயிற்றே.

எங்கள் குடும்பத்தில் துரைசானி முன்னால் நிமிர்ந்து நின்று பேசிய முதல் ஆள் நான். பொட்டின் காரணத்தைச் சொன்னேன். அவர் இதழை விரலால் தேய்த்துக் கரியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். இது குட்டை ரகம், நடைபாதை ஓரத்துக்கென்றே வாங்கியது, மாமா அருமையாக வளர்த்திருக்கிறார் என்றார். அப்படியே தமிழில் சொன்னேன்.

"நெசமா அதத்தான் சொன்னாங்களா? நீயா சேத்துக்கிட்டியா?"

"நெசந்தான் மாமா. ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்ப ஏன் சிரிச்சாங்க?"

பிறகு மேற்படிப்புக்காக நான் ஈப்போ புறப்பட்டபோது, மாமா மாட்டுவண்டியை மறித்தார். வண்டிக்காரரை ஒரு பார்வை, மாடுகளை ஒரு பார்வை.

"வெள்ளச் சட்ட வேற போட்டிருக்க. ஊர்க்கண்ணு பூரா ஒம்மேலதான்" என்று என் கன்னத்தில் கரியை அழுத்தினார்.

கையில் புதுக் கைக்குட்டை இருந்தது. ஈப்போ வரும்வரை அதன் மடிப்பைக்கூட நான் பிரிக்கவில்லை.