நெபல் வந்துவிட்டதா?

"லாரி கிளம்பிடுச்சாம்," என்றார் ரைமுண்ட் கோட்டர்.

அப்படி எந்த லாரியும் எங்கிருந்தும் கிளம்பியிருக்கவில்லை. ஆனால் எதிரே பெல்ட்ஸர் ஈரக்குடையோடு நின்றுகொண்டு, "நெபல் வந்துடுச்சா?" என்று கேட்கும்போது உண்மையைச் சொல்ல ரைமுண்டுக்கு வாய் வரவில்லை.

"போன வியாழக்கிழமையும் லாரி கிளம்பிடுச்சுன்னுதான் சொன்னீங்க."

"அது வேற லாரி."

பெல்ட்ஸர் சற்று யோசித்தார். "சரி. எனக்கொண்ணும் அவசரமில்ல. அடுத்த வியாழக்கிழமை வர்றேன்."

சொல்லிவிட்டு அவர் உடனே போய்விடவில்லை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, அந்த இசைக்கருவிக் கடையின் மூலையில் மாதிரிக்கு வைத்திருந்த பழைய சிந்தசைஸர் முன்னால் உட்கார்ந்தார். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். அழுத்தியபடியே நாற்பது நிமிடம் இருந்தார். அவ்வப்போது ஒரு குமிழை இம்மியளவு திருப்புவார். சத்தம் மழை மேகத்தைப் போல மெல்ல நிறம் மாறும். பிறகு எழுந்து, நன்றி சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு போவார். எல்லா வியாழக்கிழமையும் இதேதான்.

பெல்ட்ஸர் முப்பத்தொரு வருடம் வுப்பர்டாலின் தொங்குரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டே ஒரே பாதையில் போய்வந்த மனிதருக்கு ஒரே சுரத்தில் நாற்பது நிமிடம் உட்காருவது பெரிய காரியமில்லை. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ரைமுண்டின் கடையில் அந்த வருடம் புதுக்கருவிக்குப் பெயர் எழுதிக் கொடுத்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

நெபல் என்பது அந்தப் புதுக்கருவி, ஒரு சிந்தசைஸர். பக்கத்து ஊரான ஹாகனில் ஓஸ்டர்காம்ப் என்ற சின்ன கம்பெனி செய்தது. கோடையில் அறிவிப்பு வந்தபோதே இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். கம்பெனியிடமே நேராகக் கேட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் கடையில் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

ரைமுண்ட் நேர்மையானவர். அதனால்தான் கடை அந்த நிலையில் இருந்தது. "நேராவே வாங்கிக்கலாமே, சீக்கிரம் வந்துடும்," என்று பெல்ட்ஸரிடம் அவரே சொன்னார்.

"எனக்கு இந்த கம்ப்யூட்டர்ல கார்டு நம்பர் போடறதெல்லாம் பயம். உங்க நோட்டுலயே எழுதிக்குங்க," என்றார் பெல்ட்ஸர்.

ரைமுண்ட் எழுதிக்கொண்டார். செப்டம்பரில் நெபல் வெளிவந்தது. அக்டோபர் போனது. இப்போது நவம்பர். மழை நின்ற நாள் எதுவென்று யாருக்கும் நினைவில்லை. கடைக்குள் ஈரக் கோட்டு வாசனை. விற்காத கிடார்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின.

"டிசம்பரோட மூடிடு," என்றாள் மனைவி மார்லிஸ், அன்று சாப்பிடும்போது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வியாபாரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், அங்கே ஆட்கள் வருவார்கள்.

"மூடினா பெல்ட்ஸர் எங்க போவார்?"

"அவர் வீட்டுக்குப் போவார்."

"வீட்டுல யார் இருக்கா? வியாழக்கிழமையானா அந்த மனுஷனுக்குப் போக வேற இடமே இல்ல மார்லிஸ். நான் கதவைச் சாத்திட்டா பாவம், அவர் என்ன பண்ணுவார்?"

"ஒரே ஒரு ஆளுக்காகக் கடை நடத்துவாங்களா? நாய் வளர்க்கச் சொல்லு."

"நெபல் வரட்டும். அதை அவர் கையில குடுத்துட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை ஓஸ்டர்காம்புக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"கோட்டர், பார்மென் பகுதியில இருக்கிற கடை. எங்க நெபல் எப்ப வரும்?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "கடைகளுக்கு முறைப்படி அனுப்பிட்டிருக்கோம். உங்க முறையும் வரும். கடையத் தினமும் திறக்கறீங்கல்ல?"

"திறக்காம?"

"நல்லது. தொடர்ந்து திறங்க," என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

ரைமுண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. சின்னக் கடை என்றால் இவ்வளவு இளப்பமா? கொலோனில் கடை வைத்திருக்கும் பழைய நண்பர் ஊடோவைக் கூப்பிட்டுப் புலம்பினார்.

"எனக்கு அக்டோபர் முதல் வாரமே மூணு வந்துச்சே," என்றார் ஊடோ. "அன்னிக்கே வித்தும் போச்சு. உனக்கு வரலையா? யாரையாவது பகைச்சுக்கிட்டியா?"

அன்று முழுவதும் ரைமுண்ட் யாரைப் பகைத்துக்கொண்டோம் என்று யோசித்தார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஓஸ்டர்காம்பின் மேசைமேல் காப்பியைக் கொட்டியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். போதவில்லை போலிருக்கிறது.

கடைக்காரராகக் கிடைக்காவிட்டால் வாடிக்கையாளராக வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். வாங்கி, அதையே கடையில் வைத்து, அதே விலைக்குப் பெல்ட்ஸருக்குக் கொடுத்துவிடலாம். லாபம் ஒன்றும் இருக்காது. லாபம் எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் தன் பெயரிலேயே ஆர்டர் போட்டார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. தங்கள் பெயர் கடைக்காரர் பட்டியலில் உள்ளது. தனியாருக்கான விற்பனையில் கடைக்காரர்கள் வாங்க அனுமதி இல்லை. மீண்டும் முயன்றால் தங்கள் கடைக்கான ஒதுக்கீடு ரத்து செய்யப்படும்.

ரைமுண்ட் அதை மூன்று முறை படித்தார். பிறகு மார்லிஸின் பெயரில் ஆர்டர் போட்டார். வீட்டு முகவரி கொடுத்தார். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன், எதற்கு என்று ஆரம்பிக்கும். பெட்டி வரும் நேரத்தில் அவள் மருந்துக்கடையில் இருப்பாள், பக்கத்து வீட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது கணக்கு.

அடுத்த வாரம் புதன்கிழமை வந்து சேரும் என்று கம்பெனியிலிருந்து தகவலும் வந்தது. இடையிலே ஒரு வியாழக்கிழமை பெல்ட்ஸர் வழக்கம்போல வந்து, கேட்டு, மூன்று கட்டைகளை அழுத்திவிட்டுப் போயிருந்தார். ரைமுண்டுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. செவ்வாயன்றே பெல்ட்ஸரின் வீட்டுக்குப் போன் செய்தார்.

"இந்த வியாழக்கிழமை கண்டிப்பா இருக்கும்."



"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா. இந்தத் தடவை லாரியெல்லாம் இல்ல. கையிலயே குடுக்கறேன்."

"ஓ," என்றார் பெல்ட்ஸர். குரல் கம்மியிருந்தது. "அப்படின்னா... சரி."

பாவம், நெகிழ்ந்துபோய்விட்டார் என்று ரைமுண்ட் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மார்லிஸுக்குச் சளி. மருந்துக்கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் ரைமுண்ட் வந்தபோது, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பார்சல் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க?"

"திருப்பி அனுப்பிட்டேன்."

ரைமுண்ட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கட்டிலுக்கடியில நாலு இருக்கு," என்றாள் மார்லிஸ். "குளியலறையில துணி காயப்போடற இடத்துல ஒண்ணு நிக்குது. விக்காததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வர்ற, சரின்னு விட்டேன். இப்ப புதுசா என் பேர்லயே ஒண்ணு வருது. நான் என்ன, சிந்தசைஸர் கேட்டேனா? வாங்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டேன், அந்த ஆள் தூக்கிட்டுப் போயிட்டான்."

"அது பெல்ட்ஸருக்கு."

"பெல்ட்ஸருக்குன்னா பெல்ட்ஸர் பேர்ல வரணும்."



வியாழக்கிழமை பதினோரு மணிக்கு பெல்ட்ஸர் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"வந்துடுச்சா?"

"இல்ல," என்றார் ரைமுண்ட், தரையைப் பார்த்தபடி. "வழியில ஒரு சிக்கல். என்னை மன்னிச்சிடுங்க."

பெல்ட்ஸர் நீளமாக மூச்சுவிட்டார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து, அதுவரை செய்யாத ஒரு காரியமாக, ரைமுண்டின் தோளைத் தட்டினார். "பரவாயில்ல. இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தொங்கப்போடறீங்க? அடுத்த வாரம் பாத்துக்கலாம். அதுக்கடுத்த வாரம்கூட ஆகட்டும்."

அன்று அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஐந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். ஏமாற்றத்தை இப்படி விழுங்கிக்கொள்கிறாரே என்று கல்லாவுக்குப் பின்னால் நின்ற ரைமுண்ட் வருந்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பட்டப்பகலில் கடையைப் பூட்டினார். 'சீக்கிரம் வந்துவிடுவேன்' என்று எழுதி ஒட்டினார். யாருக்கென்று அவருக்கே தெரியவில்லை. ஹாகனுக்கு ரயில் ஏறினார். நேரிலேயே போய்க் கேட்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு கையோடு கொடுப்பதாக ஊடோ சொல்லியிருந்தார்.

ஓஸ்டர்காம்ப் கம்பெனி ஒரு பழைய ரொட்டித் தொழிற்சாலையின் பின்கட்டில் இருந்தது. மேசைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண், பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் ஒரே ஒரு பெட்டி. மேலே நெபல் என்று அச்சடித்திருந்தது. 

"ஒரு நெபல் வேணும். எனக்கே எனக்கு."

"கடைக்காரர் இல்லையே?"

"இல்ல."

"கேக்க வேண்டியிருக்கு, தப்பா நினைக்காதீங்க. போன வாரம் ஒருத்தர் வந்து தங்கச்சிக்குப் பிறந்தநாள்னு ஆறு கேட்டார்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன வேலை பாக்கறீங்க?"

ரைமுண்ட் வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர். லாரிகளைத் தவிர. கையில் இருந்த ஒரே வேறு வாழ்க்கையை எடுத்துக்கொண்டார்.

"தொங்குரயில் ஓட்டிட்டிருந்தேன். இப்ப ஓய்வு."

"அப்படியா," என்றாள் அவள், முகம் மலர்ந்து. "பேரு?"

தன் பெயர் கடைக்காரர் பட்டியலில் இருந்தது. மார்லிஸின் பெயரில் பெட்டியைத் திருப்பி அனுப்பிய கதை இருந்தது. நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் யோசித்ததில், யாருக்காக வாங்குகிறோமோ அவர் பெயரைச் சொல்வது அவ்வளவு பெரிய பாவம் இல்லை என்று பட்டது. மார்லிஸ்கூட அதைத்தான் சொன்னாள்.

"ஓர்ட்வின் பெல்ட்ஸர்."

"வுப்பர்டாலா?"

"ஆமா. பார்மென்."

அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். நிறுத்தினாள். தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, ரைமுண்டின் குளிர்ந்த வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிடிபட்டுவிட்டோம் என்று ரைமுண்ட் கண்ணை மூடினார்.

"பெல்ட்ஸர் ஐயா, உங்களுக்குத்தான் செப்டம்பர்லயே நேரா வீட்டுக்கு அனுப்பிட்டோமே, நீங்க எதுக்கு இந்த மழையில கிளம்பி வந்தீங்க?" என்றாள் அவள். "கவலையே படாதீங்க, உங்க கடிதத்துல கேட்டுக்கிட்ட மாதிரியே அந்தக் கடைக்குப் போக வேண்டியதை இன்னும் அனுப்பாம அதோ அலமாரியிலயே வெச்சிருக்கோம், அது போய்ச் சேர்ந்துட்டா அவர் கடைய மூடிடுவார், பாவம், அந்த மனுஷனுக்குப் போக வேற இடமே இல்லன்னு எழுதியிருந்தீங்களே."