பயத்துக்கு நம்பர் போட்ட இன்வேட் அண்ணை

தன்னிடம் வந்து சேர்ந்த எதையும் நம்பர் போடாமல் உள்ளே விடாத மனிதர் கொழும்பிலேயே ஒருவர்தான் இருந்தார். கடற்காற்றின் மேல் முத்திரை ஒட்டியிருந்தால் இன்வேட் அண்ணை அதையும் பதிந்துவிட்டுத்தான் மூச்சு விட்டிருப்பார்.

கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் திணைக்களத்தில், உள்ளே வரும் கடிதங்களைப் பதியும் மேசை அவருடையது. ‘இன்வேட்’ என்பது அந்த மேசையின் பெயர். நாளடைவில் மேசையின் பெயரே ஆளுக்கும் ஆகிவிட்டது. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நாங்கள் கேட்டதில்லை.

இரண்டாம் உலக யுத்த காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு வீட்டில் நாங்கள் ஆறு பேர் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். ரயில் போனால் மேசையில் தேநீர்க் கோப்பைகள் ஆடும். முன்னறையில் இன்வேட் அண்ணை. முப்பது வயதுக்கு மேல் இராது. ஆனால் பென்சன் எடுத்தவரைப்போல நடப்பார். அலுவலகப் பதிவேடு அலுவலகத்தில் இருக்க, வீட்டுக்கென்று தனியாக ஒரு நீளக் கொப்பி வைத்திருந்தார். அதில் ஐந்து நிரல்கள்: எண், நேரம், யாரிடமிருந்து, விஷயம், முடிவு. ‘காலை 6.20. சாம்பல் நிறப் பூனை. நோக்கம் தெரியவில்லை’ என்று அதில் ஒரு பதிவு இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சம்பலில் வெங்காயம் இல்லை என்று நாங்கள் முறையிட்டால் வீட்டுக்கார அம்மாவிடம் போகமாட்டார், கொப்பியிடம் போவார்.

ஒருநாள் காலை குண்டுவீச்சு எச்சரிக்கைச் சங்கு ஊதியது. எல்லோரும் முற்றத்துப் பதுங்கு குழியில் விழுந்தோம். அண்ணையை மட்டும் காணவில்லை. யன்னலால் பார்த்தால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

“அண்ணை! குண்டு விழப்போகுது, ஓடி வாங்கோ!” என்று கத்தினான் அன்ரன். மருத்துவ மாணவன். கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் வீடு இருந்தும், எட்டுத் தம்பி தங்கைகளின் சத்தத்தில் எலும்புகளின் பெயர் மனதில் நிற்காது என்று எங்களோடு வந்து தங்கியவன்.

“விழட்டும். சங்கு ஊதின நேரத்தை எழுதாமல் விட்டால் பிறகு ஆர் சொல்றது?”

குண்டு விழவில்லை. ஒத்திகையாம். அதையும் பதிந்தார்.

இனி என் கதை. முதல் வருட இறுதிப் பரீட்சையில் முதல் வினாத்தாளைக் கண்டதும் பயந்துபோய், அரை மணித்தியாலத்தில் மண்டபத்தை விட்டு ஓடிவந்தவன் நான். இரண்டாம் முறையும் அப்படி நடந்தால் பெயர் வெட்டப்படும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து மிகவும் மரியாதையான ஒரு கடிதம் வந்தது. அதையும் அண்ணைதான் பதிந்தார்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், காலையில் குடித்த தேநீரைக் கிணற்றடியில் சத்தி எடுக்கத் தொடங்கினேன். அன்ரன் மருத்துவ முறைப்படி நாளுக்கு மூன்று வேளை “பயப்படாதை மச்சான்” கொடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு வேளைக்கும் பயம் கொஞ்சம் கொழுத்தது. நாலாம் நாள் அண்ணை கொப்பியோடு கிணற்றடிக்கே வந்துவிட்டார்.

“எத்தனை மணிக்கு வந்தது?”

“எது அண்ணை?”

“பயம்.”

“ஆறரைக்கு.”

“எங்க வந்து நிக்குது? வயித்திலயோ நெஞ்சிலயோ?”

“வயித்தில.”

“சூடோ குளிரோ? என்ன அளவு?”

அத்தனை நாளும் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேனே தவிர, அது எப்படி இருக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்தேன். “குளிர். ஒரு தேசிக்காய் அளவு.”

“தேசிக்காய்,” என்று எழுதி, பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வட்டமும் போட்டுக்கொண்டார். “நம்பர் நூற்றி நாப்பத்தொண்டு. சரி, போய்க் குளியும்.”

“அவ்வளவுதானோ? அதை என்ன செய்யிறது?”

“ஒண்டும் செய்யவேண்டாம். வந்தது, பதிஞ்சாச்சு, தட்டில கிடக்கட்டும். நீர் உம்மட வேலையைப் பாரும். எங்கட பழைய பியூன் ஒருத்தன், உறை பிடிக்காட்டில் கடிதத்தை வாசல்லயே திருப்பி விட்டிடுவான். என்ன நடந்தது? ரிமைண்டர் வந்தது. பிறகு சிவப்பு மையில ரிமைண்டர். பிறகு ஆளே நேர வந்து கதவைத் தட்டினார். வாங்கி வைக்கிறதால ஒருத்தரும் சாகேல்லைத் தம்பி.”

“அப்ப அண்ணை, தீர்வு?” என்றான் அன்ரன் நக்கலாக.

“நான் இன்வேட் ஐசே. தீர்வு வேற மேசை.”

பிற்காலத்தில் முப்பத்தைந்து வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தபோது, கடிதத்தைப் பதிந்து தட்டில் போட்டுவிட்டு மறந்துபோவதே நிர்வாகத்தின் பெரும்பகுதி என்று கண்டேன். அந்த முறை மனிதருக்கு உபயோகப்பட்டதை ஒரே ஒரு வீட்டில்தான் பார்த்தேன்.

சத்தி உடனே நிற்கவில்லை. ஆனால் தேசிக்காய் சில நாளில் கொட்டைப்பாக்கு ஆனது, சில நாளில் தேங்காயும் ஆனது. அண்ணை எதற்கும் முகம் சுளிக்காமல் எழுதினார். இரண்டாம் வாரத்தில் ஆறு பேரும் பல் தீட்டிய கையோடு வரிசையில் நின்றோம். நக்கலடித்த அன்ரனின் பதிவு இப்படி இருந்தது: ‘உடற்கூற்று வாய்மொழிப் பரீட்சை. தொண்டை. வௌவால்.’

“எங்கட பயமெல்லாம் சரி அண்ணை, உங்கட பயத்தை ஆர் பதியிறது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கிளாக்கர் தனக்குத்தானே கடிதம் போட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீரோ?”

பரீட்சை நாள் வந்தது. வினாத்தாளைத் திருப்பினேன், தேசிக்காய் உருண்டு வந்தது. அத்தனை நாளும் அண்ணைக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியதை இப்போது கை தானாகவே எழுதியது. பிறகு மூன்று மணித்தியாலம் ஓடாமல் இருந்து ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதினேன். விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போதுதான் உறைத்தது: முதற்பக்கத்தின் தலையில், கொட்டை எழுத்துத் தமிழில், ‘9.05. பயம் வந்தது. வயிறு. தேசிக்காய். பதிந்தாயிற்று. தட்டில் இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறேன். விடைத்தாளில் எவ்வித அடையாளமும் இடக்கூடாது என்பது விதி. எல்லோரும் இங்கிலீஷில் எழுதும் அந்த மண்டபத்தில் தமிழில் எழுதுவதைவிடப் பெரிய அடையாளம் என் புகைப்படத்தை ஒட்டுவதுதான்.

“முடிஞ்சுது மச்சான்,” என்றான் அன்ரன். “ஊருக்குப் போய்ப் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணி இறை.”

அண்ணை கொப்பியைத் திறந்தார். “இது புதுசு. எங்க நிக்குது?”

“முழங்கால்ல.”

மிச்ச வினாத்தாள்களையும் அந்த முழங்காலோடுதான் போய் எழுதினேன். ஒரு மாதம் கழித்து வெள்ளைக்காரப் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் என் விடைத்தாள். அந்த வரியில் விரலை வைத்து, “இது என்ன, இரகசியக் குறியா?” என்றார். தேசிக்காய் உட்பட எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். பியூனையும் சிவப்பு மையையும் சொன்னேன். அவர் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“பிறகு அந்தப் பயம் என்ன ஆயிற்று?”

“பன்னிரண்டு மணி வரைக்கும் பக்கத்திலேயே இருந்தது, சேர். தொந்தரவு செய்யவில்லை.”

அவர் யன்னலைப் பார்த்தார். “இருபது வருடமாக ஒவ்வொரு விரிவுரைக்கும் முன்னால் நான் அதை வாசலில் வைத்தே திருப்பி அனுப்புகிறேன்,” என்றார் மெல்ல. பிறகு தன் பேனாவால் அந்த வரியை ஒரே கோடாக வெட்டி ஒப்பமிட்டார். “புள்ளிகள் விடைகளுக்குத்தான். வெள்ளிக்கிழமை பலகையைப் பார்.”

வெள்ளிக்கிழமை பலகையில் என் எண் இருந்தது. நான்கு தடவை பார்த்தேன். அதே எண்தான். வயிற்றில் தேசிக்காயும் இல்லை, பாக்கும் இல்லை, பசி மட்டும் இருந்தது. வெள்ளவத்தை வரைக்கும் ஏறக்குறைய ஓடியே வந்தேன்.

முன்னறை திறந்து கிடந்தது. அண்ணை அலுவலகத்தில். மேசையில் கொப்பி விரித்தபடி இருந்தது, அன்றைய பதிவு ஒன்றே ஒன்று.

‘எண் 412. காலை 5.10. யாரிடமிருந்து: நான். விஷயம்: தம்பியின் ரிசல்ட். நெஞ்சு. தேங்காய்.’

முடிவு என்ற நிரல் வெறுமையாக இருந்தது. அந்தக் கொப்பியில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பேனாவை எடுத்து ‘பாஸ்’ என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கோப்புகளை எழுதி மூடியிருக்கிறேன். சட்டத்தை மீறி மூடியது அந்த ஒன்றைத்தான்.