கேட்டல் திறன் வகுப்பைத் திறந்துவைத்தவர்

மனிதகுலத்தில் தொடர்கல்வி இயக்குநர் என்றோர் இனம் உண்டு. அதைத் தேடிக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். ஈப்போவில் ஏதாவதொரு ஓட்டல் மண்டபத்தில், கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம் கறிபாப் தின்றுகொண்டிருக்க, மேடையில் ஒருவர் ஒலிவாங்கியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். வாழ்நாளெல்லாம் கற்க வேண்டும் என்று ஊருக்கே சொல்வார். தாம் மட்டும் திறப்புரை முடிந்ததும் கிளம்பிவிடுவார்.

டாக்டர் சிவபிரகாசம் இந்த இனத்தின் கலப்பில்லாத வாரிசு. ஒரு தனியார் கல்லூரியில், நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவுக்குத் தலைவர். தலைமைத்துவம், மன அழுத்தம், நேர நிர்வாகம், வாடிக்கையாளரிடம் சிரிப்பது எப்படி என்று அவர் திறந்துவைக்காத வகுப்பு இல்லை. உட்கார்ந்து கேட்ட வகுப்பும் இல்லை. நேர நிர்வாக வகுப்பில் அவர் திறப்புரையை முடித்தபோது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதாம். எந்த உரையானாலும் ஒரு கட்டத்தில் வலது கையை உயர்த்தி, "ரப்பர் பால்வாளி தூக்கின கைங்க இது!" என்பார். கைதட்டல் பறக்கும். அவருடைய அப்பா கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. காலைப் பெரட்டில் வரிசையாக நின்ற தொழிலாளர்களின் பெயரைக் கூப்பிட்டவர். மகனின் கை தூக்கியது பள்ளிக்கூடப் பையை மட்டும்தான். ஆனால் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டே இருந்தால் தோள் நிஜமாகவே வலிக்கத் தொடங்கிவிடாதா?

இப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு கண்டம் வந்தது. ஆண்டு இறுதியில் பதவிக்காலம் முடிகிறது. "பெரிய நிறுவனம் ஒன்றைப் பிடித்து வாருங்கள், நீட்டிப்பு தருகிறேன். இல்லையென்றால் மாலை போட்டு அனுப்பிவைக்கிறேன்" என்று கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார். மாலை சிவபிரகாசத்துக்குப் புதிதல்ல. ஆனால் அந்த மாலைக்குப் பிறகு ஒலிவாங்கி கிடையாதே!

ஒருநாள் காலை குனோங் ராபாட் வீட்டில் பசியாறும்போதும் அதே நினைப்புதான். மனைவி நித்யகல்யாணி, "கேஸ் தீந்துபோச்சுங்க. வரும்போது கடையில சொல்லிட்டு வாங்க, மறந்துடாதீங்க லா" என்றார்.

"அருமை, அருமை" என்று தலையாட்டிவிட்டு சிவபிரகாசம் காடியில் ஏறிக் கிளம்பினார்.

அன்றைக்குத் திறக்க வேண்டிய வகுப்பு, கேட்டல் திறன். பாடத்திட்டமே அவர் எழுதியதுதான். உரையாற்றினார், கையை உயர்த்தினார், கைதட்டல் வாங்கினார். குழுப்படம் எடுத்துக்கொண்டு நழுவ வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பின்னால் கட்ட வேண்டிய பதாகை வந்து சேரவில்லை. பதாகை இல்லாமல் படம் எடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டா? அதற்குள் வகுப்பு நடத்தும் விரிவுரையாளர் பவித்ரன், எல்லாரையும் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார். ஒருவர் பேச வேண்டும். மற்றவர் கேட்டு, கேட்டதைச் சபையில் சொல்ல வேண்டும்.

"டாக்டர், ஒரு ஆள் குறையுது. பேனர் வர்ற வரைக்கும் நீங்க உக்காருறீங்களா?"

எதிரில் உட்கார்ந்தவர் கலாதேவி. லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றின் மனிதவள மேலாளர்.

"சுத்தி வளைக்காம சொல்றேன் டாக்டர். எங்க ஆளுங்க எல்லாருக்கும் மூணு வருஷத்துக்குப் பயிற்சி குடுக்க இடம் தேடுறோம். உங்ககிட்ட குடுக்கலாம்னுதான் வந்தேன்."

சிவபிரகாசம் கண்ணைப் பாதி மூடி, புருவத்தைச் சுருக்கி, மெதுவாகத் தலையாட்டினார். பார்ப்பவர்கள் மெய்ம்மறந்து கேட்கிறார் என்றே நினைப்பார்கள். உள்ளே, சபையில் பேசப்போகும் உரை ஓடிக்கொண்டிருந்தது. கடலில் தொடங்குவதா, தாய்மையில் தொடங்குவதா என்பதுதான் அப்போது அவருடைய கவலை.

"வர்றவங்க எல்லாம் பேசிட்டுப் போயிடுறாங்க. எங்க ஆளுங்க சொல்றத யாரும் கேக்குறதில்ல லா. ஒரே ஒரு தடவ வந்து நீங்க கேளுங்க. வாரேன்னு சொன்னா இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடலாம். போலே? முடியுமா?"

"அருமை" என்றார் சிவபிரகாசம். "அருமையான சிந்தனை."

ஒலிவாங்கி அவரிடம் வந்தது. சகோதரி கலாதேவி கண்கலங்கச் சொன்னதை எப்படிச் சொல்வேன் என்று ஆரம்பித்தார். அலையைச் சொன்னார், கரையில் காத்திருக்கும் பெண்ணின் மௌனத்தைச் சொன்னார், அங்கிருந்து எப்படியோ பால்வாளிக்கு வந்து கையை உயர்த்தினார். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பவித்ரன் விதிப்படி, "அக்கா, நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் பேசுனாரு. ஆனா நான் அழவே இல்லையே, தம்பி. எங்க பயிற்சியெல்லாம் உங்க கல்லூரிக்கே குடுத்துடலாம்னு சொன்னேன். டாக்டர் ஒரு தடவ எங்க ஆளுங்க பேசுறத கேக்க வருவாரான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

சிவபிரகாசத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. ஐயோ, எதிரே உட்கார்ந்து பேசியது அவருடைய பதவி நீட்டிப்பல்லவா! கலாதேவி இன்னமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. பதிலுக்குத்தான் காத்திருந்தார். வாரேன் என்று ஒரு சொல் போதும். பாவம், அந்தச் சொல் அவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கையில் ஒலிவாங்கி இருந்ததே!

"அன்புமிக்க அவையோரே," என்றார் சிவபிரகாசம், "கேட்டல் என்றால் என்ன?"

பதாகை வந்தபோது அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். கலாதேவியின் காடி ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது. அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தம் வேறொரு கல்லூரிக்குப் போனது. ஆண்டு இறுதியில் மாலை விழுந்தது. அவர் ஏற்புரை ஆற்ற ஆற்ற, ஆட்கள் சாப்பாட்டைப் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பினார்கள். அதற்கெல்லாம் அசருகிற இனமா இது? இப்போது குனோங் ராபாட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் சொந்தமாகவே கேட்டல் திறன் மையம் தொடங்கியிருக்கிறார். திறப்புரையில் கலாதேவி கதையையும் சேர்த்துக்கொண்டார். அதில் கேட்காமல் போனவர் கலாதேவி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அந்த இனமில்லை என்பது எனக்குத் தெரியாதா? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்: இன்று காலை பசியாறும்போது, உங்கள் வீட்டில் உங்களிடம் ஒன்று சொன்னார்களே, அது என்ன?

அருமை. அருமை.