யூரியா கொடுக்காத பொறுங்கண்ணன்

"…அதனாலதானுங்க சொல்றேன், இன்னிக்கு யூரியா இல்லீங்க" என்றார் அவர். உட்கார்ந்திருந்தது யூரியா மூட்டையின் மேல்.

உரக்கடை வைத்துக்கொண்டு உரம் விற்க மறுத்த மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். தொண்ணூறுகளில் கருமத்தம்பட்டிப் பக்கம் கடை. வாயைத் திறந்தால் "பொறுங்க" என்பார், அதனால் பொறுங்கண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். கல்யாணத்தன்று கெட்டிமேளம் முழங்கப் போகிற நேரத்தில் தூறல் விழ, "பொறுங்க, வெதைக்கிற மழையான்னு பாத்துப்போட்டு வாரேன்" என்று மணவறையை விட்டு எழுந்து போனாராம். அவர் மனைவியைக் கேட்டால் மறுக்கவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார்.

யூரியா கேட்டால் முதலில் பயிரின் அடி இலையைக் கொண்டுவரச் சொல்வார். தழைச்சத்து குறைந்தால் மஞ்சள் அங்கேதான் முதலில் தெரியுமாம். மேல் இலையைக் கிள்ளிக்கொண்டு போன ஒருவரை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினார். பக்கத்துக் காட்டுப் பயிர் மட்டும் கருகருவென்று நிற்கிறதே என்று பொருமிக்கொண்டு வந்த இன்னொருவரிடம், "அது பயிருக்கு எடுத்த பசியில்லீங்க, உங்களுக்கு எடுத்ததுங்க" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நான், அந்த ஐப்பசியில் சிரிப்பதை நிறுத்தினேன். தறிவேலையை விட்டுவிட்டு, மனைவியின் அண்ணனுடைய மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் போட்டிருந்தேன். ஒரு போகம் தேறினால் காடு என்னிடம் இருக்கும். தேறாவிட்டால் காடு வேறு ஆளுக்கு, நான் திரும்பவும் தறிக்கு.

பயிர் முழங்கால் உயரம் வந்ததும் மேலுரமாக யூரியா போட வேண்டும். அடி இலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கத் தொடங்கியிருந்தது. இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். பசிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மண் காய்ந்து கிடந்தது. காய்ந்த மண்ணில் தூவினால் பாதி காற்றுக்குத்தான் போகும், மேகம் கூடுகிறது, மழை விழட்டும் என்றார். அப்போது சொன்னதுதான் அந்த "இல்லீங்க".

எதிர்ச்சாரியிலேயே இன்னொரு உரக்கடை இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த மூட்டையோடு இவர் கடையைத் தாண்டிப் போவது, உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். எங்கள் ஊரில் அதற்கு மட்டும் யாருக்கும் தைரியம் வராது. மரியாதைக்காகவே என் பயிர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

மழை கோபிப் பக்கம் கொட்டியது. அங்கிருந்து வந்த பஸ்ஸின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் மேல் மேகம் வந்தது, நின்றது, போனது. மஞ்சள் அடுத்த இலைக்கு ஏறியது. கடைப்பக்கம் போனால் பொறுங்கண்ணன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

"ஏனுங்க, அவரு மழையும் விக்கிறாருன்னா அதையாவது கேட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

ஒரு சாயங்காலம் காட்டுக்காரரான மச்சினர் வந்தார். காட்டை ஒரு சுற்று சுற்றினார். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குக் காத்தால வாரேனுங்க மாப்ள, பேசிக்கலாம்" என்றார். எங்கள் பக்கம் "பேசிக்கலாம்" என்றால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

காலையில் மச்சினருக்கு முன்னால் ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் தண்ணீர் டேங்க், அதன்மேல் ஒரு யூரியா மூட்டை, மூட்டையை அணைத்தபடி பொறுங்கண்ணன். இறங்கியவர் பயிருக்குள் போய் நின்றார். மஞ்சள் ஏறிய இலையைத் தடவிப் பார்த்தார்.

"எலையப் பாத்தேனுங்க, வானத்தையும் பாத்தேனுங்க. உங்க காட்ட வந்து பாக்காம சொல்லிப்போட்டேன்."

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மச்சினரின் மொபெட் வந்து நின்றது. பொறுங்கண்ணன் நேரே அவரிடம் போனார்.

"இந்த மஞ்ச என்னாலதானுங்க. அவரு கேட்டாரு, நாந்தான் குடுக்கல. பயிரு இன்னும் சாகலீங்க. காட்ட அவருகிட்டயே உடுங்க."

மச்சினர் அவரைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கதிரு வரட்டுங்க, அப்பறம் பாக்கலாம்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அந்த நல்ல வார்த்தையைக் கேட்கப் பொறுங்கண்ணன் அங்கே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, முதல் செடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிக் குழி பறித்தார், ஒரு சிட்டிகை யூரியா வைத்தார், மண்ணைத் தள்ளி மூடினார், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் இறங்கும்வரை, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்திருந்துவிட்டு, முழங்காலாலேயே அடுத்த செடிக்கு நகர்ந்தார்.