பூஜை போட்ட மேக்கை யார் தொடுவது?

கம்ப்யூட்டர் பராமரிப்பில் இருப்பவர்கள் வெளியில் சொல்லிக்கொள்ளாத உண்மை ஒன்று உண்டு. எந்தப் பெட்டி எந்த மேசையில் இருக்கிறது என்பது பாதி நேரம் எங்களுக்கே தெரியாது. திரையில் ஓர் எண் தெரியும். அந்த எண்ணுக்குரிய பெட்டியைத் தேடி, கல்யாண வீட்டு வாசலில் செருப்பைத் தேடுகிறவர்கள் மாதிரி அலைவோம். அப்படி நான் தேடிய தேடலில் ஓசூரில் ஓர் ஆயுத பூஜையே பாதியில் நின்றது.

இரண்டாயிரத்துச் சொச்சம். கிருஷ்ணகிரி மாங்கூழ் டின்களுக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில், சிப்காட்டில், நான் கம்ப்யூட்டர் பிரிவு ட்ரெயினி. பயிற்சிக் காலம் முடிந்து, என்னை நிரந்தரமாக்கும் கடிதம் ஜி.எம். மேசையில் கையெழுத்துக்காகத் தவம் கிடந்தது. அவருக்கு என் முகமே தெரியாது. (முதல் மாடி சர்வர் ரூமில், ஏசி குளிருக்கு ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தவளின் முகம் யாருக்குத்தான் தெரியும்?)

வீட்டில் அம்மா கெடு வைத்திருந்தாள். அப்பாவின் ஃபேக்டரி வேலைக்காக நாகர்கோவிலை விட்டு வந்த குடும்பம் எங்களுடையது. கிறிஸ்துமஸுக்குள் வேலை நிலைக்காவிட்டால் நான் ஊருக்குத் திரும்பி, பெரியப்பா பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர வேண்டும். பெரியப்பா பள்ளியில் டீச்சர் என்றால், காலையில் ஜெபம் சொல்வதில் ஆரம்பித்து மாலையில் பெரியம்மாவுக்கு மீன் ஆய்ந்து கொடுப்பது வரை எல்லாம் டீச்சர் வேலைதான். எனக்கோ சர்வர் ரூம் உயிர். அந்தக் குளிரையும் இரைச்சலையும் விட்டுப் போவதை நினைத்தாலே அழுகை வரும்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூர் தலைமை அலுவலகம், கம்பெனியில் உள்ள அத்தனை கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க் வழியாகவே ஸ்கேன் செய்து கணக்குக் கொடு, ஆயுத பூஜை முடிந்து வரும் திங்கட்கிழமை ஆடிட் என்றது. விண்டோஸ் பெட்டிகள் நல்ல பிள்ளைகள். கேட்டதும் பேர், ஊர் எல்லாம் ஒப்பித்துவிட்டன. டிசைன் செக்‌ஷனில் இருந்த ஆப்பிள் மேக்குகள்தான் வாயே திறக்கவில்லை. ஸ்கேன் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே போகும். அதாவது, இங்கே உட்கார்ந்தபடி கடவுச்சொல் சொல்லி அந்தப் பெட்டிக்குள் நுழைகிற வாசல். மேக்கில் அந்த வாசல் சாத்தியே இருக்கும். ஷேரிங் பக்கத்தில் ‘ரிமோட் லாகின்’ என்பதற்கு ஒரு டிக் போட்டால் திறந்துகொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை நன்றாக இருந்த கேபிள்களை எல்லாம் பிடுங்கி மாற்றிக்கொண்டிருந்தேன்.

டிசைன் ஆட்களைக் கெஞ்சி டிக் போட வைத்ததும் எல்லா மேக்கும் வழிக்கு வந்தன, ஒன்றைத் தவிர. அது என்னை உள்ளே விடும். ‘உன் விவரத்தைச் சொல்லு’ என்றால் யோசிக்கும், யோசிக்கும், ஸ்கேன் பொறுமையிழந்து அறுந்துபோகும். சரி, நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் அது எந்த மேக்? ஒரே டிஸ்கிலிருந்து நகல் எடுத்ததால் எல்லாவற்றுக்கும் ‘டிசைன்’ என்றே பெயர். (ஒரே வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் மேரி என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? என் பெயரும் மேரிதான்.) செக்‌ஷன் தலைவர் மஞ்சுநாத் அண்ணன் கன்னடக்காரர். மிஷினைத் திறந்து பார்க்கட்டுமா என்று எப்போது கேட்டாலும் ‘பேடம்மா’, அதாவது வேண்டாம்மா, என்பார்.

என் மேலதிகாரி ரகு சார் ஒரு யோசனை சொன்னார். ஆயுத பூஜையன்று எல்லா மேக்கும் ஓடும், திரையில் சரஸ்வதி படம் வைத்திருப்பார்கள். பூஜை முடிந்தால் மறுநாள் மறுபூஜை வரை யாரும் தொட மாட்டார்கள், பேனாவைக்கூட. நிம்மதியாக ஸ்கேன் பண்ணலாம்.

“உனக்குத்தான் தோஷம் ஒண்ணும் இல்லையேம்மா. நீ பாட்டுக்கு முடிச்சுடு” என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தவிர, எஸ்.எஸ்.எச்.சில் யாரும் எதையும் தொடுவதே இல்லையே. இதில் சாமி குற்றம் எப்படி வரும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மேக்கில் ஒரு வித்தை உண்டு. தூரத்திலிருந்து ஒரு வரி அனுப்பினால் அதை வாய்விட்டுப் பேசும். எந்தப் பெட்டி பேசுகிறதோ அதுதான் குற்றவாளி. பூஜையன்று காலையில் டிசைன் செக்‌ஷனுக்கு இன்டர்காமில் அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் பிரஸ் ஹாலில் பூஜைக்கு நிற்கிறார்கள், ரூம் காலி என்று நானே முடிவுகட்டினேன். சத்தத்தை உச்சத்தில் வைத்து, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, இணைப்பு அறுந்தாலும் நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இரு என்று கட்டளை போட்டுவிட்டு, எது பேசுகிறது என்று பார்க்க ஒய்யாரமாகப் படியிறங்கினேன்.

வழக்கமாகப் பிரஸ்ஸில் தொடங்கும் பூஜையை அந்த வருஷம் டிசைனில் தொடங்கியிருந்தார்கள். ரூம் நிறைய ஆட்கள். கைகூப்பி நின்றவர்கள் யார் இன்டர்காமை எடுப்பார்கள்? பூசாரி கையில் கற்பூரத் தட்டு எரிகிறது. ஜி.எம். கண்மூடி நிற்கிறார். சந்தனமும் குங்குமமும் வைத்த மேக்கின் திரையிலிருந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசும் வெள்ளைக்காரன் குரலில், சரஸ்வதி சொல்கிறாள்:

“நான் இங்கேதான் இருக்கேன். என்னை யாருமே கண்டுக்க மாட்டேங்கறீங்க.”

ஜி.எம். கண்ணைத் திறந்து, அதை நிறுத்தச் சொன்னார். ஒருவரும் நகரவில்லை.

“பூஜை ஆயிடுச்சு சார். தொடக்கூடாது” என்றார் மஞ்சுநாத் அண்ணன்.

கூட்டத்தில் யாரோ என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணு கிறிஸ்டியன், அது தொடலாம் என்றார்கள். நானும் தியாகி போல ஓர் அடி முன்னால் வைத்தேன். அண்ணன் மேக்குக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார்.

“பேடம்மா. நீ யாராயிருந்தா என்ன, பூஜை போட்டது மிஷினுக்குத்தானே?”

அதற்குள் சரஸ்வதி மறுபடியும் நான் இங்கேதான் இருக்கேன் என்றாள். சுவிட்ச் ஆயுதத்தில் சேருமா என்று ஜி.எம். பூசாரியிடம் கேட்டார். பூசாரி கற்பூரத்தைப் பார்த்தபடி யோசித்து, சுவரில் இருக்கிற சுவிட்ச் கட்டடத்தோடு சேர்ந்தது, ஆயுதம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். உடனே சுவிட்சை அணைத்தார்கள். யூ.பி.எஸ். விழித்துக்கொண்டு ‘கீ, கீ’ என்று கத்த ஆரம்பித்தது. மேக்கும் நிறுத்தவில்லை. பாட்டுக்குப் பக்கவாத்தியம் சேர்ந்ததுதான் மிச்சம். யூ.பி.எஸ்.ஸுக்கும் பொட்டு வைத்திருந்ததால் அதையும் தொட முடியாது.

நான் மாடிக்கு ஓடினேன். எந்தக் கையால் கடவுச்சொல் அடித்தேனோ தெரியாது, ஒருவழியாகக் கட்டளையை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது சுவிட்சைத் திரும்பப் போட்டிருந்தார்கள், யூ.பி.எஸ்.ஸும் அடங்கியிருந்தது. பெரியப்பா பள்ளிக்கூடத்து மணி என் காதில் கேட்டது.

ஜி.எம். என்னை மேலும் கீழும் பார்த்து, யார் நீ என்றார். பெயரைச் சொன்னேன்.

“மேரின்னு ஒரு கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்ல கெடக்குதே, அது நீதானா?”

“ஆமாங்க சார்.”

“ஏம்மா, நேர்ல வந்து கேட்டா நான் குடுக்க மாட்டனா? சாமி வாயால சொல்லி அனுப்பணுமா?”

அது கடிதத்துக்காக இல்லை சார், எஸ்.எஸ்.எச். என்று ஒன்று இருக்கிறது என்று விளக்க வாயைத் திறந்தேன். பின்னாலிருந்த ரகு சார் என் காலை நன்றாக மிதித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ஜி.எம். அங்கேயே கையெழுத்துப் போடச் சட்டைப்பையைத் தடவினார். பேனா பூஜையில் இருந்தது. மறுபூஜை முடிந்ததும் முதல் கையெழுத்து எனக்குத்தான் என்றார். சொன்னபடியே மறுநாள் போட்டார். அம்மா கடிதத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்து அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

குற்றவாளி மேக் மஞ்சுநாத் அண்ணனுடையதேதான். கண்ணில் பட்ட எழுத்துருவை எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். முழு விவரமும் கேட்டால் அது அத்தனையையும் எண்ணிச் சொல்ல உட்கார்ந்துவிடும். வன்பொருள் விவரம் மட்டும் போதும் என்றேன். நொடியில் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அண்ணனே சர்வர் ரூமுக்கு வந்து என்னைக் கூட்டிப்போவார். தேங்காய், பழத்தோடு கனத்த தாம்பாளத்தைக் கையில் கொடுத்து முன்வரிசையில் நிறுத்துவார். பூஜை முடியும்வரை என் கை காலியாக இருக்கக் கூடாது. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து வீட்டிலும் அதே கதை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன் ஜெபம் தொடங்குவதற்குள், “அவ கையில எதையாவது குடு மக்ளே” என்பாள் அம்மா. போன கிறிஸ்துமஸுக்கு என் மகள் ஒரு கையில் மெழுகுவர்த்தியையும் மறு கையில் பாலன் இயேசுவையும் கொடுத்தாள். கூடவே என் செல்போனை எடுத்துப்போய் அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டு வந்துதான் முழங்காலிட்டாள்.