கணபதியப்பன் ஹைட்ராலிக்ஸ்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தியொரு வயதுக்காரனுக்கு வரக்கூடாத அதிர்ச்சி இன்று காலை பதினொரு மணிக்கு எனக்கு வந்தது.

போன மாதம் ஒரு சபதம் எடுத்தேன். இனி இந்த ஜென்மத்தில் கலப்பையைக் கையால் தூக்க மாட்டேன்.

எங்களிடம் ஒரு குட்டி டிராக்டர் உண்டு. பழசு. இழுக்கும், தூக்காது. தென்னைகளுக்கு நடுவே உழுதுகொண்டே போய் விளை என்று நாங்கள் சொல்லும் தோப்பின் வேலி முட்டினால், பின்னால் கிடக்கும் கலப்பையை ஒரு ஆள் தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வண்டி திரும்பும். ஓட்டுவது என் மனைவி அழகியநாயகி. அவளுடைய அப்பா டிராக்டர் டிரைவர். தூக்குவது நான். என்னுடைய அப்பா கணக்குப்பிள்ளை.

"தூக்குங்கோ!"

"தூக்கிட்டுதானே இருக்கேன்."

"கலப்பையத் தூக்கச் சொன்னேன். வேட்டிய இல்ல."

வாரத்தில் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது இப்படிப் போகும். மற்ற ஆறு ராத்திரியும் நான் முட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட் ஆபரேட்டர். பதினேழு வருடமாகத் தண்ணீரை உறைய வைத்துக்கொண்டிருக்கிறேன். விடியுமுன் வள்ளக்காரர்களுக்குக் கட்டிகளை ஏற்றிவிட்டு, மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு வீடு வந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தால் சாயங்காலம் நாலரைக்கு அவள் எழுப்புவாள். கட்டன்காப்பி, சோற்றுப் பாத்திரம், ஐந்து மணி பஸ். வெயில் என்பது மற்றவர்கள் சொல்லி நான் தெரிந்துகொள்கிற சமாச்சாரம்.

கம்ப்ரசர் ஓடும்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூளைக்குச் சோலி கிடையாது. அதனால் போனில் வீடியோ பார்த்து ஹைட்ராலிக்ஸ் படித்தேன். ஆக்கர்க்கடையில், பழைய இரும்புக் குவியலுக்குள், ஒரு பழைய லாரியின் பவர் ஸ்டியரிங் பம்பு கிடைத்தது. ஒரு சிலிண்டர் கிடைத்தது. எஞ்சின் ஓடினால் பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் கலப்பையைத் தூக்கும். விரலால் லிவரைத் தொட்டால் போதும்.

"ஏட்டி, இது மட்டும் தூக்கிச்சுன்னா ஐஸ் பிளான்டுக்கு ஒரு கும்பிடு. சொந்தப் பட்டறை. போர்டு கூட எழுதி வச்சாச்சி, பாத்தியா? கணபதியப்பன் ஹைட்ராலிக்ஸ்!"

"தூக்கலேன்னா?"

"தூக்கலேன்னா வண்டி ஒனக்கு. நான் ஸ்பேனரத் தொடமாட்டேன். ரிட்டயர் ஆகுத வரைக்கும் ஐஸ்தான்."

"எழுதித் தருவியளா?"

ஆண்பிள்ளை. எழுதிக் கொடுத்தேன்.

மார்கழி முதல் ஞாயிறு மதியம் எல்லாம் பொருத்தி முடித்தேன். எண்ணெய் மட்டும் பாக்கி. ஹைட்ராலிக் ஆயில் விலையைக் கேட்டுவிட்டு, எங்கள் விளைத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய் வீட்டில் இரண்டு டின் இருப்பது ஞாபகம் வந்தது. அழுத்தத்துக்கு எந்த எண்ணெயாக இருந்தால் என்ன? ஊற்றினேன். கசியக்கூடாது என்று டேங்க் மூடியைச் சாகும்வரை திறக்க முடியாதபடி பசை போட்டு ஒட்டினேன். அழகியநாயகி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் அறிவைக் கண்டு வாயடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பசை காய ஒரு ராத்திரி ஆகும். எனக்கு லீவு நாளிலும் உறக்கம் வராது. திங்கள் விடியக்காலம், பனியில் நடுங்கிக்கொண்டே போய் எஞ்சினைக் கிளப்பி லிவரைத் தொட்டேன்.

பெல்ட் கீச்சிட்டது. கலப்பை அசையவில்லை.

தலை சூடாகிவிட்டது. "ஏட்டி, கொஞ்சம் தேங்காஎண்ண தா. தலையில வைக்கணும்."

"ஒறஞ்சி கெடக்கு. வெயில் வரட்டும், சன்னல்ல வச்சிருக்கேன்."

"இந்த வீட்டுல ஒண்ணும் சமயத்துக்கு ஒதவாது!" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்தேன்.

செவ்வாய் விடியக்காலம் ஹோஸை மாற்றினேன். அசையவில்லை. புதன் விடியக்காலம் பெல்ட்டை இறுக்கினேன். அசையவில்லை. கலப்பையில் மட்டும் ஈர மண் ஒட்டியிருந்தது. பனி என்று நினைத்தேன். டீசல் குறைந்திருந்தது. கசிவு என்று நினைத்து வண்டிக்கு அடியில் அரைமணி நேரம் டார்ச்சோடு கிடந்தேன். வாழ்க்கையே கசிந்துபோவது போல ஒரு துக்கம்.

அழகியநாயகி கட்டன்காப்பியோடு வந்தாள். "எத்தன நாளு இப்பிடிக் கெடந்து சாவிய? நாளைக்கு முடிவு பண்ணிருவோம். அடுத்த வீட்டு குமாரதாஸ் அண்ணனச் சாட்சிக்கு விளிக்கேன்."

"மத்தியானம் வச்சிக்கிடுவோமா? வெளிச்சத்துல பாத்துச் செய்யலாம்."

"பகல் முழிச்சா ஒங்க ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? நீங்க வந்து எறங்குத நேரம் போதும். விடியக்காலம் அஞ்சர."

இருபத்தாறு வருடத்தில் என் உடம்பைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. கண் நிறைந்துவிட்டது. சம்மதித்தேன்.

இன்று அஞ்சரை மணி. குமாரதாஸ் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க நின்றான்.

"ஓய் கணபதியப்பன், தூக்குமா?"

"தூக்கும்வே."

"எப்பம்?"

லிவரைத் தொட்டேன். கீச். இரண்டு கையாலும் இழுத்தேன். கீச். காலால் மிதித்தேன். லிவர் கையோடு வந்தது.

"லிவரத் தூக்கிட்டீரு," என்றான் குமாரதாஸ். "கொள்ளாம், நல்லாருக்கு."

நான் எழுதிய தாளை அவள் உரக்க வாசித்தாள். குமாரதாஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். சாவியையும் ஸ்பேனர் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். துக்கத்தில் காதில் பஞ்சு வைக்க மறந்தேன்.

பதினொரு மணி. டிராக்டர் சத்தம். சன்னலைத் திறந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. சன்னல் கட்டையில் எண்ணெய்க் குப்பி, கண்ணாடி போலத் தெளிந்து நின்றது. அதற்கு அப்பால் எங்கள் விளை. என் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியில் அழகியநாயகி. வேலி முட்டியது. லிவரை அவளே திரும்ப மாட்டியிருக்கிறாள். ஒரு விரலால் தொட்டாள்.

வண்டி கலப்பையைத் தூக்கியது. பூனைக்குட்டியைத் தூக்குவது போல, பைய, அலுங்காமல்.

குப்பியைப் பார்த்தேன். கலப்பையைப் பார்த்தேன். பதினேழு வருட ஐஸ் ஆபரேட்டர் நான். என் டேங்குக்குள்ளேயே எண்ணெய் உறைந்துகிடந்தது எனக்குத் தெரியவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"ஏட்டி! ஒனக்கு இது எப்பம் தெரியும்?"

"திங்கக்கெழம பத்து மணிக்கு. வெயில் ஏறுச்சி, தொட்டேன், தூக்கிச்சி. மூணு நாளா நம்ம விள, குமாரதாஸ் அண்ணனுக்க விள எல்லாம் உழுதாச்சி."

"குமாரதாசுக்குமா தெரியும்? சவத்தெளவு! எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

"நீங்க ஒறங்கிட்டுல்லா இருந்திய."

"அப்பம் நான் ஜெயிச்சாச்சி! அது தூக்கிட்டு! நான் வேலைய விடுவேன்!"

"தாள்ல வியாழக்கெழம அஞ்சரைன்னு சேத்து எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கியாச்சி. போய்ப் படுங்கோ, அஞ்சு மணிக்குப் பஸ் உண்டும்லா." எஞ்சினை அணைத்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற குமாரதாசிடம் சொன்னாள்: "அண்ணே, சத்தம் காட்டாதிய. அவியளுக்கு ஒறக்கம் கெடும்."

தள்ளாடி வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் நான் எழுதிய போர்டு தொங்கியது. என் பெயர் இருந்த இடத்தில் புதுப் பெயின்ட், இன்னும் காயவில்லை.

அழகியநாயகி ஹைட்ராலிக்ஸ். காலை பத்து மணிக்கு மேல் வரவும்.