துரைக்குத் தாங்காத வெளிச்சம்

கிராமத்துக் குடிநீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் குடியிருப்பதாகவும், கண்ணுக்குத் தெரியாத ஊதா வெளிச்சத்தைக் காட்டினால் அவை செத்துப்போகும் என்றும் பிரெஞ்சு சர்க்காருக்குத் தெரியவந்தது. ஆகவே பாகூர்ப் பக்கத்து எங்கள் ஊர்க் குளக்கரைக்குச் சீமையிலிருந்து ஒரு விளக்கு வந்து, தகரத் தொட்டிக்கு மேலே தொங்கியது. விளக்குதான் வந்தது. அதற்கு வேண்டிய மின்சாரம் புதுச்சேரி டவுனைத் தாண்டவில்லை.

"எரியலையே சாமி," என்றாள் கரும்பு வெட்டப் போகும் குப்பு. அவள் மகள் ஜெயா பேதி கண்டு அப்போதுதான் தேறியிருந்தாள்.

"எரியலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சுகாதார அதிகாரி அரங்கநாதன்.

"வெளிச்சம் ஒண்ணும் தெரியலையே."

"தெரியாத வெளிச்சம் தெரியாமத்தாம்மா இருக்கும். தெரிஞ்சாதான் ரிப்பேர்."

மேற்படி வெளிச்சம் பட்ட நீரையே சகலரும் அருந்த வேண்டியது, வீட்டில் தண்ணீர் காய்ச்சுவது சர்க்கார் வெளிச்சத்தை அவமதிப்பதாகும் என்று தண்டோரா போட்டார்கள். குப்பு மட்டும் மீன் குழம்பு வைக்கிற சாக்கில் மகளுக்குத் தண்ணீர் காய்ச்சிவந்தாள்.

ஒருநாள் பெரிய துரை விளக்கைப் பார்வையிட வந்தார். நல்ல வெயில். அந்தத் தண்ணீரையே குடித்துப் பார்க்கிறேன் என்றார். அரங்கநாதன் குப்பு வீட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார்.

"காய்ச்சின தண்ணி வச்சிருக்கியாமே?"

"அது குத்தமாச்சே சாமி."

"குத்தத்தை அப்புறம் பாத்துக்கலாம். சீக்கிரம் குடு."

"இருக்கறதே ஒரு செம்பு. எம்பொண்ணு இன்னாத்தக் குடிப்பா?"

"அவளுக்கென்ன, வெளக்குத் தண்ணி இருக்கே."

குப்பு அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய், விளக்கடியில் பிடித்துவைத்த குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்து நீட்டினாள்.

"சூடே இல்லையே?"

"தெரியாத சூடு சாமி. தெரியாமத்தான் இருக்கும்."

துரை பாதி குடித்துவிட்டு, மரியாதைக்கு மீதியை அரங்கநாதனிடம் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் இருவரும் கரும்புத் தோட்டத்துக்குள் முந்திக்கொண்டு ஓடினார்கள்.

பின்னால் உத்தரவு வந்தது. மேற்படி வெளிச்சம் அளவு மீறி வலுவாயிருப்பதால் அதிகாரிகளின் தேகம் தாங்கவில்லை. இனி அவர்கள் காய்ச்சிய நீரையே அருந்துவார்கள். காய்ச்சித் தரும் பொறுப்பு குப்புவுடையது. அன்றிலிருந்து ஜெயா சட்டப்படியே வெந்நீர் குடித்தாள்.

"நீங்களும் காய்ச்சிக் குடிங்களேன், இனிமே யார் கேக்கப்போறாங்க?" என்று ஊராரிடம் சொன்னாள் குப்பு.

நாங்கள் யோசித்தோம். காய்ச்சுவதென்றால் விறகு பொறுக்க வேண்டும். விளக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

"துரைக்கே தாங்காத வெளிச்சம்," என்றார் பக்கிரி மாமா, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குடத்தை வரிசையில் நகர்த்தியபடி. "நமக்குத் தாங்குதுன்னா சும்மாவா?"